காற்றை அடைக்க வேண்டாம், கூட்டைக் கட்டுங்கள்

(கல்முனைக் கரையோரத்து மீள்குடியேற்றக் கிராமமொன்றில், மாரி தொடங்குவதற்கு முன்னர், முயல், கோழி வளர்க்கும் குடும்பங்களுக்குக் கால்நடைக் கள உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



உம்மாமார், ராத்தாமார், தங்கச்சிமார், பின்னுக்கு நிற்கிற காக்காமார் எல்லோருக்கும் என் நன்றி. வேலை நேரத்தில் வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

புது வீட்டில் உங்களுக்கு இது முதல் மாரி. வீடு கல்வீடு, கூரை ஓட்டுக்கூரை. இன்ஷா அல்லாஹ் அதைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. நான் பேச வந்தது வீட்டுக்கு வெளியில் நிற்கிற முயல்கூட்டைப் பற்றி. கோழிக்கூடு வைத்திருப்பவர்களும் கேளுங்கள். பெரும்பாலும் அதே கதைதான்.

பழைய இடத்தில், கடற்கரைப் பக்கம் நீங்கள் இருந்தபோது, வீடுகள் நெருக்கமாக இருந்தன. தென்னை நின்றது, வேலியில் பூவரசு நின்றது, அடுத்த வளவின் மதில் நின்றது. காற்று உங்கள் முற்றத்துக்கு வருவதற்கு முன்னமே பத்து இடத்தில் அடிபட்டுக் களைத்துத்தான் வந்தது. இந்த இடம் அப்படி இல்லை. வயல் நிலத்தை மண்போட்டு நிரப்பிக் கட்டிய கிராமம். நட்ட தென்னம்பிள்ளை இன்னும் இடுப்புயரம் வரவில்லை. வயல்வெளியைத் தாண்டி வருகிற காற்றுக்கு முதலில் அகப்படுவது உங்கள் முற்றம். அங்கே பல வருசம் அசையாமல் நின்ற கூடு இங்கே ஒரு மாரி தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு நடந்த பிழை

முதலில் ஒரு பிழையைச் சொல்லவேண்டும். அது வேறு யாருடைய பிழையுமில்லை, என்னுடையது.

தற்காலிகக் கொட்டிலில் இருந்த காலம் ஒரு ராத்தா முயல் வளர்த்தார். கடன் எடுத்து வாங்கிய நாலு பெட்டையும் ஒரு கடுவனும். மாரி தொடங்கியதும் ஒரு இரவு காற்றில் கூடு குப்புற விழுந்தது. கதவு உடைந்து இரண்டு வெளியே போய்விட்டன. ஒன்றை நாய் பிடித்தது. நான் அடுத்த நாள் போய்ப் பார்த்துவிட்டு, கூட்டைத் தூக்கி நிறுத்தி, "ராத்தா, நாலு பக்கமும் பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள், காற்றுப் படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சொன்னபடியே கட்டினார். ஒரு துவாரம் விடாமல் கட்டினார்.

பத்து நாள் கழித்துப் போனேன். முயல்களின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. முன்னங்கால் மயிரெல்லாம் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. பொலித்தீனை விலக்கி முகத்தை உள்ளே வைத்தேன், கண் எரிந்தது. மூத்திரத்தின் ஆவி வெளியே போக வழியில்லை. மழை ஓய்ந்து வெயில் எறித்த ஒரு மதியம், அதே பொலித்தீனுக்குள் இரண்டு முயல் வெக்கையில் செத்துப்போயின. ராத்தா என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீங்க சொன்ன மாதிரித்தானே கட்டினேன்" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நல்லது என்று இருந்தது எனக்கு.

காற்று அந்த வீட்டில் எடுத்தது இரண்டு. காற்றுக்குப் பயந்து நான் சொன்ன யோசனை எடுத்ததும் இரண்டு. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு. கூட்டை நிலத்தோடு இறுக்கிக் கட்டவேண்டும், கூரையைக் கூட்டோடு இறுக்கிக் கட்டவேண்டும். ஆனால் காற்றை முழுதாக அடைக்கக்கூடாது. மிச்சம் நான் சொல்வதெல்லாம் இதன் விளக்கம்தான்.

எங்கள் காற்றுகள்

எங்கள் பக்கத்துக் காற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிற வீடுகள் இவை. ஆனால் கூடு வைப்பதற்காக ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

மாரியில் வாடை. வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து மழையோடு வரும். குளிரும் ஈரமும் அதில்தான். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான். கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து காய்ந்துபோய் வருகிற கச்சான். ஈரம் இல்லை, ஆனால் சூடும் புழுதியும். பின்னேரத்தில் கடலிலிருந்து வருகிற கொண்டல் முயலுக்கு நல்லது, அதை வரவிடவேண்டும்.

நாலாவது, எப்போதாவது வருவது, சூறாவளி. 1978 நவம்பர் 23 இரவை இங்கே வயதான உம்மாமார் மறந்திருக்கமாட்டார்கள். மட்டக்களப்பை அடித்த அந்தச் சூறாவளியில் நாட்டில் 900 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. விடிந்து பார்த்தால் என் மூத்தம்மாவின் கோழிக்கூடு பக்கத்து வளவுக் கிணற்றடியில் கிடந்தது. எங்கள் குசினிக் கூரை மட்டும் அப்படியே நின்றது. கிடுகுக் கூரைதான். வாப்பா அதற்கு மேலே பழைய கரைவலையைப் போட்டு நாலு பக்கமும் முளையில் கட்டியிருந்தார். அந்த வலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் கிழக்குக் கரைக்குச் சூறாவளி வரக்கூடிய காலம். வருசா வருசம் வராது. ஆனால் வருகிற வருசம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டும் இருக்காது.

காற்று கூட்டை என்ன செய்கிறது

காற்று கூட்டைத் தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மிச்சப் பாதி, காற்று கூரையைத் தூக்கும். கூரைக்கு மேலே வேகமாக ஓடுகிற காற்று மேல்நோக்கி இழுக்கிறது. கூரைக்குக் கீழே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் தகரம் பட்டம் மாதிரி எழும்பும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பருமட்டானது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் 17 கிலோ அளவு அமுக்கத்தைக் கொடுக்கும். வேகம் இரண்டு மடங்காகி 120 ஆனால் அமுக்கம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். கிட்டத்தட்ட 70 கிலோ. உங்களுக்குத் தந்த இரண்டு அறைக் கூட்டின் கூரை 5 அடிக்கு மூன்றரை அடி, அதாவது ஒன்றரை சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். கூடும் முயலும் சேர்த்து 40 கிலோ என்று வையுங்கள். 60 கிலோமீற்றர் காற்றில் கூடு ஆடும், ஆனால் நிற்கும். 90 கிலோமீற்றர் காற்றில் கூரையை இழுக்கிற விசை 60 கிலோவைத் தாண்டும். அப்போது அந்தக் கூட்டின் சொந்தப் பாரம் அதைப் பிடித்துவைக்காது. நிலம்தான் பிடித்துவைக்கவேண்டும்.

"என்ட கூடு நல்ல பாரம் தம்பி, ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தூக்குவதைக் காற்று தனியே தூக்கும்.

கால் நிலத்துக்குள்

இப்போது உங்கள் கூடுகளில் முக்கால்வாசி நாலு கல்லின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் வேலை அதை மாற்றுவது.

கூட்டின் நாலு மூலையிலும் கப்பு நட்டு, கூட்டை அந்தக் கப்போடு சேர்த்துக் கட்டுங்கள். கப்பு இரண்டு அடியாவது நிலத்துக்குள் போகவேண்டும். இது நிரப்பிய மண், இன்னும் இறுகவில்லை. மேலும் எங்கள் பக்கம் மணல் கலந்த மண். மழையில் ஊறினால் கப்பை விரலால் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கலாம். அதனால் நடுவதற்கு முன் கப்பின் அடியில் ஒரு அடி நீளமான குறுக்குக் கட்டையை ஆணியடித்து வையுங்கள். மண்ணை அதற்கு மேலே போட்டு, அரையடிக்கு ஒருதரம் இடித்து இறுக்குங்கள். குறுக்குக் கட்டை மண்ணுக்குள் நங்கூரம் மாதிரி நிற்கும். கடலுக்குப் போகிற காக்காமாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கறையானுக்கு மண்ணுக்குள் போகிற பகுதியில் தார் பூசுங்கள்.

கப்பு நட வசதி இல்லாதவர்கள் உரப்பையைப் பயன்படுத்துங்கள். 50 கிலோ யூறியா வந்த பையை அரைவாசிக்கு மணலால் நிரப்பினாலே 50 கிலோவுக்குக் குறையாது. அப்படி இரண்டு பையை ஒரு கயிற்றின் இரண்டு முனையிலும் கட்டி, கயிறு கூரைக்கு மேலால் போகிற மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். அப்படி இரண்டு சோடி போதும். பையைக் கூரையின்மேல் சும்மா வைக்கவேண்டாம். வழுக்கி விழும், அல்லது கூரையைக் கிழித்துக்கொண்டு முயலின்மேல் விழும்.

கூரை

தகரக் கூரை போட்டவர்கள், ஆணியை மட்டும் நம்பவேண்டாம். ஒவ்வொரு சிலாகையிலும் இரண்டு இடத்தில் கட்டுக்கம்பியைத் தகரத்துக்கு மேலால் எடுத்து, கீழே கூட்டின் சட்டத்தோடு முறுக்கிக் கட்டுங்கள். கம்பி ஆணியோடு இல்லாமல் சட்டத்தோடு சேரவேண்டும்.

வாசல் பக்கம் மழைக்காகக் கூரையை இரண்டு அடி நீட்டியிருப்பதைப் பல வீடுகளில் பார்த்தேன். அந்த நீட்டுத்தான் காற்றுக்குக் கைபிடி. ஒரு அடிக்கு மேல் நீட்டவேண்டாம். சாரலுக்குச் சாக்கைத் தொங்கவிடலாம். சாக்கு கிழிந்தாலும் கூடு நிற்கும்.

கிடுகுக் கூரை போட்டவர்கள் தாழ்வு என்று நினைக்கவேண்டாம். வெயில் காலத்தில் முயலுக்குக் கிடுகுதான் குளிர்ச்சி. அதற்கு மேலே பழைய வலையைப் போட்டு நாலு பக்கமும் முளையடித்துக் கட்டுங்கள். வலையின் கண்ணுக்குள்ளால் காற்று போய்விடும், ஆனால் ஓலை எழும்பாது. வாப்பா 1978 இல் செய்தது இதுதான். தூக்கி எறியப் போகிற வலைத்துண்டு இந்த ஊரில் எந்த வீட்டில் இல்லை?

தளர்ந்த தகரம் இன்னொரு கேட்டையும் செய்யும். இரவில் படபடவென்று அடிக்கும். முயல் பயந்த சாதி. சத்தத்துக்குத் திடுக்கிட்டுப் பின்னங்காலால் உதைத்துத் துள்ளும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். காலையில் பின்பகுதியை இழுத்துக்கொண்டு கிடக்கும். அதற்கு மருந்து இல்லை. கூடு விழாமலே முயல் சாகிற வழி அது.

எங்கே வைப்பது

கூட்டின் முதுகு வடக்கே, முகம் தெற்கே. வாடை முதுகில் அடிக்கட்டும். முதுகுப் பக்கம் பலகையோ தகரமோ அடித்து மூடலாம். கிழக்குப் பக்கம் கொண்டலுக்குத் திறந்து, மழை நாளில் மட்டும் சாக்கு விடுங்கள். மேற்குப் பக்கம் கச்சான் காலத்தில் கிடுகுத் தட்டி கட்டுங்கள். வெயிலும் மறையும், புழுதியும் தங்கும்.

வீட்டுச் சுவரின் தெற்குப் பக்கம் வைத்தால் சுவரே வாடைக்கு மறைப்பாகிவிடும். ஆனால் வீட்டு மூலையில் வைக்கவேண்டாம். இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்திலும் வைக்கவேண்டாம். இங்கே வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அகன்ற காற்று ஒடுங்கிய சந்துக்குள் புகும்போது வேகம் கூடும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி. சந்தில் நின்று பாருங்கள், முக்காடு எந்த இடத்தில் பறக்கிறதோ அந்த இடம் கூட்டுக்கு ஆகாது.

வேலி மதிலைவிட நல்லது

சில காக்காமார் கேட்டார்கள், கூட்டுக்கு வடக்கே புளொக் கல்லால் ஒரு மதில் எழுப்பினால் என்ன என்று. காசு மிச்சமிருந்தால் வேறு எதற்காவது செலவழியுங்கள். முழுதாக மூடிய மதிலில் மோதுகிற காற்று மேலே ஏறித் தாண்டி, மறுபக்கத்தில் சுழன்று விழும். மதிலுக்குப் பின்னால் குப்பை சுற்றிச் சுற்றிப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சுழல் கூட்டின் கூரையில்தான் இறங்கும்.

இடைவெளி உள்ள வேலி அப்படிச் செய்யாது. பாதி காற்றை நிறுத்தி, பாதியை மெதுவாக்கி உள்ளே விடும். பாதி அடைப்பு, பாதி துவாரம் என்ற அளவில் கிடுகை நெருக்காமல் கட்டுங்கள். ஆறு அடி உயர வேலியென்றால் அதற்குப் பின்னால் 30 அடி வரைக்கும் நல்ல மறைப்பு இருக்கும். கூட்டை வேலியோடு ஒட்டவேண்டாம், ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள்.

கிடுகு ஒன்றிரண்டு வருசம்தான். அதனால் அதே வரிசையில் இன்றைக்கே சீமைக்கிளுவை, பூவரசுக் கம்பு நடுங்கள். மாரி மண்ணில் கம்பு வேர்பிடிக்கும். கிடுகு உக்கிப் போகிறபோது உயிர்வேலி எழும்பியிருக்கும். இலை ஆட்டுக்கும் ஆகும்.

உள்ளே காற்று எப்படி இருக்கவேண்டும்

என் பிழை நடந்த இடம் இது. கவனமாகக் கேளுங்கள்.

முயலுக்குக் குளிரைவிட வெக்கை எதிரி. அதற்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடுகிறது. 15 முதல் 25 பாகை வரை அதற்குச் சுகம். 30 தாண்டினால் கஷ்டம். 35 தாண்டினால் ஆபத்து. எங்கள் ஊர்ச் சூட்டில் நாலு பக்கமும் மூடிய கூடு என்பது அடுப்பு. மாரியிலும் மழை விட்ட மதியத்தில் வெயில் எறிக்கும், மறக்கவேண்டாம்.

ஆனால் நனைந்த முயலின் உடம்பில் நேராகக் காற்று பட்டால் அதுவும் நோய்தான். அப்படியென்றால் என்ன செய்வது? காற்று முயலின் முதுகுக்கு மேலே ஓடவேண்டும், முதுகில் படக்கூடாது. கூட்டின் பக்கங்களைக் கீழிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பலகையால் மூடுங்கள். அதற்கு மேலே வலை. மழைக்குச் சாக்கு விட்டாலும், கூரைக்குக் கீழே அரையடி இடைவெளி எப்போதும் திறந்திருக்கவேண்டும். சூடும் மூத்திர ஆவியும் அந்த வழியால் போகும். பொலித்தீன் வேண்டாம், சாக்கு நல்லது. தறப்பாள்தான் இருக்கிறதென்றால் வடக்குப் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள்.

அடித்தட்டு கம்பிவலையாக இருந்தால் கீழிருந்தும் காற்று வரும். ஒரு மூலையில் ஒரு முயல் படுக்கிற அளவு பலகைத்துண்டு வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. முதலாவது, முயல் படுக்கிற உயரத்தில் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். காற்று அடிக்கிற நேரம் நூல் மெல்ல அசைந்தால் நல்லது. கிடையாகப் பறந்தால் மறைப்புப் போதாது. அசையாமலே நின்றால் மூடியது அதிகம். இரண்டாவது, சுபஹுத் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, சாக்கை விலக்கி முகத்தைக் கூட்டுக்குள் வையுங்கள். கண் எரிந்தால் முயலின் மூக்கும் எரிகிறது. உங்களுக்கு ஒரு நிமிசம், அதற்கு இரவு முழுக்க.

குட்டி இருக்கிற கூடு

பெட்டை சினைப்பட்டு 30, 31 நாளில் குட்டி போடும். குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் ஒரு இரவுக் குளிர்காற்று முழுக் குட்டியையும் எடுத்துவிடும்.

27 ஆவது நாளே குட்டிப் பெட்டியை வையுங்கள். ஒன்றேகால் அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். உள்ளே காய்ந்த வைக்கோல். தாய் தன் மயிரைப் பிடுங்கி மேலே போடும். பெட்டியின் வாய் வடக்கே பார்க்கக்கூடாது. பெட்டியைக் கூட்டின் சட்டத்தோடு கட்டுங்கள், கூடு ஆடினாலும் பெட்டி கவிழாது. காலையில் குட்டி ஒன்று வெளியே குளிர்ந்து கிடந்தால் செத்தது என்று உடனே எறியவேண்டாம். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். அசைந்தால் மற்றதுகளுக்கு நடுவில் விடுங்கள்.

முடிந்தவர்கள் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை குட்டி வராத மாதிரி இணைசேர்ப்பைக் கணக்குப் பண்ணுங்கள். ஒரு ஈற்றுத் தள்ளிப்போகும். இழப்பதைவிடத் தள்ளிப்போவது இலாபம்.

எச்சரிக்கை வந்த நாள்

வானொலியிலோ, கிராம சேவகர் மூலமோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலோ சூறாவளி எச்சரிக்கை வந்தால், இருட்டுவதற்கு முன்னர் முயல்களை வீட்டுக்குள் எடுங்கள். குளியலறை போதும். அட்டைப்பெட்டியில் துவாரமிட்டு, கீழே வைக்கோல் போட்டு வையுங்கள். கடுவனைத் தனியே வையுங்கள், இரண்டு கடுவன் சேர்ந்தால் கடித்துக் குதறும். குட்டிப் பெட்டியைத் தாயோடு சேர்த்தே எடுங்கள். வெறுங்கூட்டின் கதவை இறுக்கிக் கட்டுங்கள்.

மூன்று நாளுக்குத் தீன் முன்கூட்டியே வேண்டும். மழையில் அறுத்த ஈரப்புல்லை அப்படியே போட்டால் வயிறு ஊதும், கழியும். புல்லை ஒரு நாள் வாடவிட்டுக் காயவைத்துச் சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீருக்குப் பாரமான மண்சட்டி நல்லது. பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்தால் இரவு முழுக்கத் தாகம்.

இன்னுமொன்று. இதைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். முயலுக்காக நிற்கவேண்டாம். திரும்பி வரவும் வேண்டாம். பெட்டி கையில் இருந்தால் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் தீனும் தண்ணீரும் உள்ளே வைத்து, வீட்டுக்குள் உயரமான இடத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பொருளை எடுக்கத் திரும்பிப் போனவர்கள் யார் யார் என்று இந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். நான் பெயர் சொல்லத் தேவையில்லை. முயலை மறுபடி வாங்கலாம்.

காற்று ஓய்ந்த பிறகு

முதலில் கூட்டைப் பாருங்கள், பிறகுதான் முயலை விடுங்கள். கழன்ற ஆணி, அறுந்த கம்பிமுனை, தளர்ந்த கப்பு. நனைந்த பலகையைக் காயவிடுங்கள். நனைந்த முயலைத் துணியால் துடைத்துக் காற்றில்லாத இடத்தில் வையுங்கள். மூக்கொழுக்கு, தும்மல், தீன் எடுக்காமை, கழிச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த முயலைப் பிரித்து வைத்துவிட்டு, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டாம். முயல் நோயை மறைக்கிற பிராணி. நமக்குத் தெரிகிறபோது அரைவாசி போயிருக்கும்.

முடிக்கும் முன்

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய இயலாது என்று தெரியும். கையில் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் காலை நிலத்தில் கட்டுங்கள். இரண்டாவது நாள் கிடைத்தால் கூரையைக் கட்டுங்கள். மூன்றாவது நாள் வேலி. ஆண்துணை இல்லாத வீடுகள் இந்த வரிசையில் பல இருக்கின்றன. கப்பு நடுகிற வேலையை இரண்டு இரண்டு வீடாகச் சேர்ந்து செய்யுங்கள். பின்னுக்கு நிற்கிற காக்காமாரையும் தம்பிமாரையும் இதற்காகத்தான் இன்று வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானும் அலவாங்கோடு வருகிறேன்.

நான் சொன்ன அந்த ராத்தா இன்றும் முயல் வளர்க்கிறார். மிஞ்சிய ஒரு பெட்டையை வைத்துத் தொடங்கி, கடுவனைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, இப்போது ஒன்பது வைத்திருக்கிறார். கடனும் அநேகமாக முடிந்துவிட்டது. அவருடைய கூட்டில் கூரைக்குக் கீழே அரையடி இடைவெளி இருக்கிறது. போன மாதம் நான் போனபோது, "தம்பி, இந்த முறை என்ன புதுசாச் சொல்லப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒன்றுமில்லை ராத்தா, நீங்க கட்டினதைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

உங்கள் கூடுகளையும் அப்படியே பார்க்க வருவேன். வஸ்ஸலாம்.

மாரிக்கு முன் சரிபார்க்க

1. கூட்டின் நாலு கப்பும் இரண்டு அடி நிலத்துக்குள், அடியில் குறுக்குக் கட்டையோடு இருக்கின்றனவா? அல்லது இரண்டு சோடி மணல் மூட்டை தொங்குகின்றனவா?
2. கூரை கம்பியால் கூட்டின் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா? கிடுகுக் கூரைக்கு வலை போட்டாயிற்றா?
3. கூரையின் நீட்டு ஒரு அடிக்கு மேல் இல்லாமல் இருக்கிறதா?
4. முதுகு வடக்கே, முகம் தெற்கே இருக்கிறதா? வீட்டு மூலையையும் சந்தையும் தவிர்த்தாயிற்றா?
5. வடக்கே இடைவெளி விட்ட கிடுகு வேலி, ஐந்தாறு அடி தள்ளி நிற்கிறதா?
6. கீழே ஒரு அடி பலகை, மேலே அரையடி திறப்பு இருக்கிறதா?
7. நூல் மெல்ல அசைகிறதா? காலையில் கண் எரியாமல் இருக்கிறதா?
8. மூன்று நாளுக்குக் காய்ந்த புல், மண்சட்டி, துவாரமிட்ட அட்டைப்பெட்டி தயாராக இருக்கின்றனவா?
9. வெளியேறச் சொன்னால் எங்கே போவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?